நாக்பூர் பெரியப்பா வந்துவிட்டார்

ஊர் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இருபது மாதமும் கழிந்து, கோயில் திறந்து, கடை திறந்து, சினிமாக் கொட்டகை திறந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் போனால் போகிறதென்று மேற்கு மாம்பலம் வசந்த விலாஸ் சபாவும் திறந்தபோது, மேடையில் நாக்பூர் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

அவர் எப்படி வந்தார் என்பது பற்றி எங்களுக்குள் தகராறு எதுவும் கிடையாது. ரயிலில் வந்தார். வராமல் இருந்ததற்குத்தான் இத்தனை வருஷமாகக் காரணம் இருந்தது, வந்ததற்கு எதற்குக் காரணம் என்று கேட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சந்திரோதயா நாடகக் குழுவின் ஒப்பிலியப்பன், எங்களுக்கு ஒப்பிலி, 1994இல் எழுதி, இயக்கி, தானே அப்பாவாக நடித்து, அன்று தொடங்கி ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஆயிரம் தடவைக்கு மேல் போட்டுவிட்ட நாடகம் 'பெரியப்பா வரட்டும்'. கதை இவ்வளவுதான்: உமா என்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வரன் ரெடி, மண்டபம் ரெடி, சமையல்காரர் ரெடி, ஆனால் நாக்பூரிலிருந்து அண்ணா வந்து தலையாட்டாமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அப்பா உட்கார்ந்துவிடுகிறார். மூன்று அங்கமும் எல்லோரும் வாசலைப் பார்க்கிறார்கள். கடைசியில் போன் அடிக்கிறது. அப்பா எடுத்து, "என்னது அண்ணா, ரயிலைத் தவற விட்டுட்டேளா?" என்கிறார். வீடே சோபாவில் சாய்கிறது. அப்போது அவர் எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்து, "அதனால என்ன?" என்று கேட்க, சபாவில் உள்ள அத்தனை பேரும் ஒரே குரலில் "பெரியப்பா வரட்டும்!" என்று கத்த, திரை விழும்.

திரை விழும் என்றால் சும்மா விழாது, தாமோதரன் கயிற்றை இழுக்க வேண்டும், தாமோதரனுக்குக் காது மந்தம், ஆகையால் நாங்கள் கத்துகிற கத்தலில் பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயில் குருக்கள் திரும்பிப் பார்த்தால்தான் தாமோதரன் கயிற்றில் கை வைப்பார். அந்தக் கத்தலைத் தொடங்கி வைக்கும் குரல் என்னுடையது. ஜி வரிசை, பதினாலாம் நம்பர், சம்பத், டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்திநாலு வருஷ சர்வீஸ். மேடையில் இருக்கும் அந்தக் கறுப்பு டெலிபோன்கூட எங்கள் ஆபீஸ் கழிவிலிருந்து நான் கேட்டு வாங்கிக் கொடுத்ததுதான், வயர் கிடையாது, மணியை ஓரத்தில் நின்று வேறொருவர் அடிப்பார்.

பெரியப்பா வேஷத்துக்கு ஆளே கிடையாது. முதல் நாடகத்துக்கு நாலு நாள் முன்பு, போட்டிருந்த ஆளுக்குக் குவாஹாட்டிக்கு மாற்றல் வந்துவிட்டது. ஒப்பிலி யோசித்துப் பார்த்து, வரவே வேண்டாம் என்று எழுதிவிட்டார். அதுவே ஹிட் ஆகிவிட்டது. ஹிட் ஆனது நாடகம் மட்டுமல்ல, அந்த வசனமும்தான். மாம்பலத்தில் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் அதோடு ஒழிந்தது. பையன் நாய்க்குட்டி கேட்டால் "பெரியப்பா வரட்டும்". குடித்தனக்காரர் வெள்ளையடிக்கச் சொன்னால் "பெரியப்பா வரட்டும்". தொண்ணூற்றெட்டில் என் மனைவி கோமளா, ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன், அவளும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நான் அன்று நினைத்தேன்.

உமாவாக நடிப்பவள் ஜலஜா. முதல் நாடகத்தில் அவளுக்கு இருபத்தொரு வயது. அசோக் நகர் தபால் ஆபீசில் கவுண்டர் வேலை. உமாவுக்கு மொத்தம் பதினோரு வசனம், அதில் ஆறு "உங்க இஷ்டம்ப்பா". இந்த ஆறையும் அவள் வருஷக்கணக்காக அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு நாள், 2011இல், ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்து ஒப்பிலியிடம் நீட்டினாள். அவளே எழுதிய நாடகம். அட்டையில் லேபிள் ஒட்டி எஸ். ஜலஜா என்று பெயர் எழுதியிருந்தாள். "படிச்சுப் பாருங்கோ சார், நம்ம குழுவுலயே போடலாம்" என்றாள். ஒப்பிலி என்ன சொல்லியிருப்பார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழுவே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று மேடைக்கு வைத்திருந்த ஜாதக நோட்டு கிழிந்து போயிருந்ததால், கைக்கு அகப்பட்ட இந்த நோட்டை டீப்பாய் மேல் போட்டார்கள், அது அங்கேயே நிலைத்துவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு நாடகத்திலும் அப்பா அதைப் புரட்டி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, "செவ்வாய் ஏழுல இருக்கே" என்பார், நாங்கள் சிரிப்போம், அது யாருடைய நோட்டு என்று தெரிந்தவளும் பக்கத்தில் காப்பித் தட்டோடு நிற்பாள். இதை ஜலஜா ஒரு நாள் கேன்டீனில் கோமளாவிடம் சொல்லி, கோமளா என்னிடம் சொன்னாள். நான் "அடடா" என்று சொல்லிவிட்டு இன்னொரு போண்டா வாங்கினேன்.

இரண்டாயிரத்து இருபது மார்ச், பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு அங்கம் முடிந்து, காப்பி குடித்துவிட்டு நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, சபா செயலாளர் பத்ரி ஒரு காகிதத்தோடு திரைக்கு முன்னால் வந்து நின்று, உடனே மூடச் சொல்லி உத்தரவு, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள், இரண்டு வாரத்தில் பார்க்கலாம் என்றார். போட்ட செட் போட்டபடி கிடக்க, பூட்டிக்கொண்டு போனோம். மூன்றாவது அங்கம் நடக்கவில்லை. போன் அடிக்கவில்லை. போன் அடித்தால்தானே அவர் ரயிலைத் தவற விட முடியும்? அன்றைக்கு அவரைத் தடுக்க ஆளில்லாததால், பாவம், மனிதர் ரயிலைப் பிடித்துவிட்டார்.

சபா மறுபடி திறக்கிறது, விட்ட இடத்திலிருந்து மூன்றாவது அங்கம், பழைய டிக்கெட் செல்லும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் எங்களுக்கு ஏற்பட்ட பரபரப்பைச் சொல்லி முடியாது. ஒரு மணி நேர நாடகத்துக்கு மூன்று நாள் தயாரானோம். ஜிப்பா போட்டுப் பார்த்தேன், வயிற்றருகே நின்றுவிட்டது. கோமளாவின் பட்டு ரவிக்கை ஒன்றுகூட ஏறவில்லை, பீரோவிலேயே சுருங்கிவிட்டது என்று சொன்னாள், நானும் ஆமாம் என்றேன். ஐப்பசி மழையில் மாம்பலமே முழங்கால் தண்ணீரில் நிற்க, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, ஊசி போட்ட சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, நாங்கள் இருநூறு பேர் சபாவுக்கு நடந்தோம். வாசலில் பத்ரி ஒவ்வொருவர் நெற்றியிலும் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துச் சூடு பார்த்தார். உள்ளே ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலிக்குப் பெருக்கல் குறி ஒட்டியிருந்தது. முகமூடியில் யாருக்கும் யாரையும் தெரியவில்லை, இருமலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தோம், ஆனால் இருமுகிற ஆளைக் கண்டுபிடித்த பிறகு பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் வரவில்லை.

திரை விலகியபோது முதலில் வந்தது ஆரஞ்சு வாசனை.

சோபாவின் நடுவில், கழுத்துவரை பட்டன் போட்ட பழுப்புக் கோட்டும் மஃப்ளரும் அணிந்து, காலடியில் ஒரு மூங்கில் கூடை நாக்பூர் ஆரஞ்சும், பக்கத்தில் தோல் பட்டை போட்டுச் சுருட்டின பழைய படுக்கையுமாக, கனத்த புருவத்தோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இருபத்தேழு வருஷமாகக் கேள்விப்பட்ட மனிதரைத் தெரியாதா?

"வந்துட்டார்," என்றாள் கோமளா.

"ஆமா, கொஞ்சம் இளைச்சிருக்கார்," என்றது பின் வரிசை.

அப்பாவாக உள்ளே நுழைந்த ஒப்பிலி அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"வாடா," என்றார் பெரியப்பா. "இருபது மாசமா உக்காந்திருக்கேன், வான்னு சொல்ல ஒரு ஜீவன் இல்லை. காப்பி போடலாம்னு சமையலறைக் கதவைத் திறந்தா சுவரு! அலமாரியில புஸ்தகம் எடுக்கப் போனா அத்தனையும் அட்டையில வரைஞ்சது! யாருடா கட்டின வீடு இது?"

நாங்கள் கைதட்டினோம். ஒப்பிலிக்கு எழுதாத வசனத்துக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை, எனவே எழுதின வசனத்தையே பேசினார். மற்ற நடிகர்களும் பேசினார்கள். பெரியப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, பெரியப்பா எப்போது வருவார் என்று கவலைப்பட்டார்கள். கடைசியில் போன் அடித்தது.

"யாரு?" என்றார் பெரியப்பா.

ஒப்பிலி போன் வாயைப் பொத்திக்கொண்டு, "நீங்கதான்," என்றார்.

"நான்தான் இங்க இருக்கேனே?"

"இருக்கலாம். எனக்கு வசனம் இருக்கு." கையை எடுத்துவிட்டு, "என்னது அண்ணா, ரயிலைத் தவற விட்டுட்டேளா?" என்று முழங்கினார்.

அப்போதுதான் அது நடந்தது. பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வாடியது. மெல்ல எழுந்து, படுக்கையின் தோல் பட்டையை இறுக்கத் தொடங்கினார். ஒப்பிலி எங்கள் பக்கம் திரும்பி, "அதனால என்ன?" என்றார். நான் பழக்கத்தில் கத்த வாயைத் திறந்தேன், முகமூடி உள்ளே போய்விட்டது, "பெரியப்பா வர" என்பதோடு புரையேறி நின்றேன். அரைக் கத்தலுக்கு தாமோதரன் அரைத் திரைதான் விட்டார். பெரியப்பாவும் பட்டையைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். ஆக, முழுசாகக் கத்தியிருந்தால் அவர் கிளம்பிப் போயிருப்பார் என்பது சின்னக் குழந்தைக்கும் விளங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறுவரை அவரை என்ன செய்வது என்று நிர்வாகக் குழு கூடியது. அவர் நடிகரா, விருந்தினரா, உறுப்பினரா என்று இரண்டு மணி நேரம் பேசி, உறுப்பினரின் உறவினர் என்று தீர்மானம் போட்டார்கள். மேடையை விட்டு இறங்கமாட்டேன், வந்த காரியம் முடியட்டும் என்று அவர் சொல்லிவிட்டதால், சனிக்கிழமை ஊசி முகாம் நர்ஸ் மேடைக்கே ஏறி வந்தாள். தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டாள். பெரியப்பா ஒப்பிலியைப் பார்த்தார். நாடகத்தில் எங்கேயும் அந்தப் பெயர் வரவில்லை, ஆசிரியர் என்ற முறையில் ஒப்பிலி நின்ற இடத்தில் யோசித்து "தாத்தாச்சாரி" என்றார், நர்ஸ் எழுதிக்கொண்டு, இரண்டாவது ஊசிக்கு எண்பத்திநாலு நாள் கழித்து வரணும் என்றாள். "அதுவரைக்கும் என்னை இருக்க விடறாளான்னு பாரு," என்றார் பெரியப்பா.

மாம்பலத்து மாமிகள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ரசத்தில் புளி தூக்கல், கூட்டில் தேங்காய் போதாது என்று அவர் ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னார், அதனாலேயே அவர் நெருங்கின சொந்தம் என்பது மேலும் ஊர்ஜிதமாயிற்று.

ஆனால் சாப்பாட்டோடு வேறொன்றும் வந்தது. இத்தனை வருஷமாக யார் யாருக்கெல்லாம் "பெரியப்பா வரட்டும்" என்று சொல்லப்பட்டதோ, அவர்கள் எல்லோரும் வரத் தொடங்கினார்கள். நாய்க்குட்டி கேட்ட பையன் இப்போது வழுக்கைத் தலையும் வங்கி உத்தியோகமுமாக வந்து, எழுபத்தெட்டு வயது அப்பாவைக் கையைப் பிடித்து மேடையருகே கூட்டிவந்து, "சொன்னேளே அப்பா, வந்துட்டாரே," என்றான். குடித்தனக்காரர் வந்தார், வீட்டுக்காரர் தலை குனிந்து சுண்ணாம்பு வாங்கப் போனார். வீணை கற்றுக்கொள்ள ஆசைப்பட்டவள், மீசை வைக்க ஆசைப்பட்டவர், மாமியாரோடு ஒரு தடவையாவது சண்டை போட ஆசைப்பட்ட மருமகள், எல்லோரும் வந்தார்கள். பெரியப்பா யாரையும் தடுக்கவில்லை. "இதுக்கெல்லாம் என்னை எதுக்குக் கேக்கணும்? நான் எப்பவாவது வேண்டாம்னேனா?" என்று ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்து அனுப்பினார், கூடையும் குறையவில்லை. யோசித்துப் பார்த்தால் உண்மைதான், அந்த நாடகத்தில் அவர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அவர் பேரைச் சொல்லி மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

அறுபத்திநாலாவது வயதில் கோமளா ஸ்கூட்டரில் ஏறினாள். சோமசுந்தரம் மைதானத்தில் விடியற்காலையில் நான் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினேன். "பிடிச்சிண்டிருக்கேளா?" என்று அவள் கேட்க, "பிடிச்சிண்டிருக்கேன்" என்று நான் மூச்சு வாங்க, ஐந்தாம் நாள் அவள் கேட்கவே இல்லை, மைதானத்தைச் சுற்றிவிட்டு என்னெதிரே வந்து நிறுத்தினாள். இருபத்துமூன்று வருஷம் இதை ஒரு வசனத்தால் தள்ளிப்போட்டிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வராதவள் ஜலஜா ஒருத்திதான். கோமளா ஸ்கூட்டரிலேயே தபால் ஆபீசுக்குப் போய், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். "ஊர்ல எல்லாரும் கேட்டாச்சு. நீ ஏண்டி போகலை?"

வீட்டோடு இருந்த நாட்களில் ஜலஜா தலைக்குச் சாயம் பூசுவதை விட்டிருந்தாள், முடி பஞ்சாக வெளுத்திருந்தது. மேடைக்கு மட்டும் ஒப்பிலி விக் வாங்கிக் கொடுத்திருந்தார். "அவர் என்னை உமான்னுதான் மாமி கூப்பிடறார்," என்றாள். "உமாவுக்குக் கேக்கத் தெரியாது. 'உங்க இஷ்டம்ப்பா'ன்னு சொல்லத்தான் தெரியும்."

"நான் வேணா அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம் மாமி. அது இன்னொருத்தர் சொல்ற விஷயமில்லை."

சனிக்கிழமை சாயங்காலம் ஒப்பிலி எங்கள் வீட்டுக்கு வந்தார். எழுபத்துநாலு வயது, மாடி ஏறியதில் இரைத்தது. நாளைக்கு மூன்றாவது அங்கம் மறுபடி போடுகிறோம் என்றார். "போன தடவை மாதிரி சொதப்பிடாதே சம்பத். நீ கத்தினாத்தான் தாமோதரனுக்குக் கேக்கும். திரை சரியா விழணும்."

"விழுந்தா அவர் போயிடுவாரே?"

"போகட்டும். அவர் வராம இருக்கறதுதான்ப்பா என் நாடகம்." காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "வந்துட்டார்னா கதை முடிஞ்சுபோச்சு. நாளன்னிக்கு நான் எங்க போவேன், சொல்லு. எனக்கு வேற எதுவும் எழுத வரலை. எழுதிப் பார்த்தேன், வரலை."

இருபத்தேழு வருஷமாக எங்களைச் சிரிக்க வைத்த மனிதர். எனக்கு மனசு கரைந்துவிட்டது. கத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் போனதும் கோமளா ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே, "உங்க வாய், உங்க இஷ்டம்," என்றாள். அந்த வார்த்தை இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெருக்கல் குறி போட்ட நாற்காலிகளிலும் ஆட்கள். பத்ரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மூன்றாவது அங்கம் தொடங்கியது. ஒப்பிலி அன்று நடித்த மாதிரி நான் என்றும் பார்த்ததில்லை, ஒவ்வொரு வசனமும் அச்சடித்தது போல விழுந்தது, பெரியப்பா பக்கம் அவர் தலையைத் திருப்பவே இல்லை. டீப்பாயிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டி, "செவ்வாய் ஏழுல இருக்கே," என்றார்.

"அதுல செவ்வாய் எங்கடா இருக்கு?" என்றார் பெரியப்பா.

போன் அடித்தது.

"போன் அடிக்கட்டும், இதுக்குப் பதில் சொல்லு," என்று பெரியப்பா எட்டி நோட்டை வாங்கிக்கொண்டார். "இருபது மாசம் இந்த வீட்ல படிக்கறதுக்கு இது ஒண்ணுதான் இருந்தது. ஏழு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை சிரிச்ச சிரிப்புல வயித்து வலி வந்துது. நாலாவது தடவை அந்தக் கடைசிக் காட்சியில என்னால தாங்க முடியலை, மஃப்ளர் நனைஞ்சு போச்சு. இந்த வீட்டுக்காரா யாரோ எழுதினதுன்னு புரியறது, யாருன்னு புரியலை." கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைக் கண்ணருகே பிடித்தார். "எஸ். ஜலஜா. யாரு இந்த வீட்ல ஜலஜா?"

மேடையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், மாமா இருந்தார், உமா இருந்தாள். ஜலஜா என்று ஒருத்தரும் கிடையாது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓரத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவர் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. காப்பித் தட்டோடு நின்றிருந்தவள் அந்த லேபிளையே பார்த்தாள். சொல்லேண்டி, சொல்லேண்டி என்று கோமளா முணுமுணுத்தது முகமூடிக்கு வெளியே வந்தது.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். நேராகப் போய், என் ஆபீஸ் டெலிபோனை, இருபத்தேழு வருஷத்தில் அவள் தொட்டே பார்க்காததை, எடுத்தாள்.

"அவர் வந்துட்டார்," என்றாள். "நீங்க கூப்பிட்டது ராங் நம்பர்." வைத்துவிட்டாள்.

அப்புறம் திரும்பி, "நான்தான் பெரியப்பா," என்றாள். "நான்தான் ஜலஜா."

ஒப்பிலி மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். வசனம் எதுவும் மிச்சமில்லை, ஒன்றைத் தவிர. இரண்டு கையையும் விரித்து, என்னை மட்டுமே பார்த்து, "அதனால என்ன?" என்றார். குரல் கெஞ்சியது.

சபா முழுக்க என் பக்கம் பார்ப்பது முதுகில் தெரிந்தது. பெரியப்பாவின் கை படுக்கைப் பட்டையைத் தொட்டது. என் வாய் தானாகத் திறந்தது, வாக்குக் கொடுத்த வாய், இருபத்தேழு வருஷப் பழக்கம். முகமூடிக்கு மேலேயே கையை வைத்து அழுத்திப் பொத்திக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஒருவரும் கத்தவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. மாம்பலத்தில் அத்தனை பேர் கூடி அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

திரை விழவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த தாமோதரன் கயிற்றைக் கையில் பிடித்தபடியே ஓரத்திலிருந்து தலையை நீட்டி, "என்ன, இன்னிக்கு யாரும் கத்தலையா?" என்றார்.

"கத்தலை. கதை நடக்கறது, நீயும் வந்து உக்காரு," என்று கையைக் காட்டிச் சொன்ன பெரியப்பா, பட்டையிலிருந்து கையை எடுத்து, கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, இன்னும் கையை விரித்தபடியே நின்ற ஒப்பிலியின் ஒரு கையில் வைத்தார். கையில் ஏதோ இருக்கவே ஒப்பிலிக்கு உட்காரத் தோன்றியது. சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

ஜலஜா விக்கைக் கழற்றி டெலிபோன் மேல் வைத்தாள். நோட்டை வாங்கிப் பிரித்தாள், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், எழுத்துத் தெரியவில்லை, இருபத்திரண்டு வயது உமாவுக்குக் கண்ணாடி கிடையாது. பெரியப்பா தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"காட்சி ஒன்று," என்று அவள் படித்தாள். "ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். வாசலில் யாரும் இல்லை. அவளே வெளியே போகிறாள்."

கண்ணாடி இல்லாமலே பெரியப்பாவின் உதடு அவளோடு அசைந்துகொண்டிருந்தது. நாங்கள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தோம். ஒப்பிலி ஆரஞ்சைக் கையில் உருட்டிக்கொண்டு, மூக்கு விடைக்க, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பக்கத்தில், அந்தப் பெண் பால்காரரிடம் பேசுகிற இடத்தில், எங்களில் யாருக்கும் இன்னும் உறைப்பதற்கு முன்னால், ஒப்பிலி பக்கென்று சிரித்துவிட்டார்.